சமையலறைக்குக் கீழே ஓர் ஆமை

ஸ்கூபா டைவிங்குக்காகக் கடலிலேயே ஒரு வாரம் தங்கும் படகில் ஏறுகிறவர்களிடமிருந்து முதலில் பறிபோவது செருப்பு. ஏறும்போதே கூடையில் போட்டுவிட வேண்டும், இறங்கும்வரை வெறுங்கால்தான். அடுத்துப் போவது கூச்சம். கை நீட்டினால் சுவரில் இடிக்கும் அறை, மேல்கட்டிலில் முன்பின் தெரியாதவரின் குறட்டை, காயாத ரப்பர் உடையின் வாடை, சிக்கனமாக விடும் குளியல் தண்ணீர். பிறகு பசி வரும். மணி அடித்தால் எழுந்து குதிக்க வேண்டும், ஏறித் தின்று தூங்க வேண்டும், மறுபடி குதிக்க வேண்டும். இதற்கா இவ்வளவு செலவழித்து வருகிறார்கள் என்று அந்தப் படகின் சமையல்காரி முதல் மாதம் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாம் மாதமே அது பொறாமையாகிவிட்டது.

அவளைவிட மூத்த கேப்டன் உட்பட எல்லோருக்கும் அவள் அக்கா. ஈரம் சொட்டச் சொட்ட மேலே வருகிறவர்கள் நேராக அவளுடைய சமையலறை ஜன்னலுக்குத்தான் வருவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அதிலும் அந்த ஆமை! படகு கட்டும் கயிற்றுக்கு நேர் கீழே, பாறை இடுக்கில் தூங்குகிற கிழட்டு ஆமை.

"உங்க அடுப்புக்கு நேர் கீழதான்கா படுத்திருக்கு. நீங்க பாத்ததே இல்லையா?"

பார்த்ததில்லை. அவர்கள் கடலுக்குள் இருக்கும் நேரம்தான் அவளுக்குச் சமையல் நேரம். ஏறி வரும்போது தட்டு தயாராக இல்லாவிட்டால் மனிதர்கள் சுறாவாகிவிடுவார்கள். வருஷக்கணக்காகப் பக்கத்து வீட்டில் இருப்பவளின் முகத்தைப் பார்க்காத குறை அவளை அரித்தது. வெங்காயம் நறுக்கும்போது சில சமயம் காலடிப் பலகையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இந்தப் பயணத்தோடு வேலையை விடுகிறாள். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மகள் இருப்பது கடலே இல்லாத ஊர். இனி எங்கே ஆமை?

கேப்டன்தான் வழி செய்தார். "கடைசி நாள் மதியத்துக்கு ரொட்டியும் பழமும் போதும். நான் வெட்டிக்கிறேன். நீங்க இறங்குங்கக்கா."

விருந்தாளிகளைக் கடலுக்குள் கூட்டிப்போகும் டைவ் மாஸ்டர் மாலைதோறும் அவளைத் தண்ணீருக்குள் ஏணியைப் பிடிக்கவைத்துக் குழாயில் மூச்சுவிடப் பழக்கினான். சைகைகளைப் பாடம் எடுத்தான். "விரல வட்டமா காட்டினா நல்லா இருக்கேன்னு அர்த்தம். கட்டைவிரல தூக்கினா?"

"மேல போகணும். யார் காட்டினாலும் கேள்வியே கேக்காம மேல போயிடணும். தினமும் நீ கத்துறது என் காதுல விழாதா?"

கடைசி நாள் நீரோட்டம் அடங்கியிருந்த சிறிது நேரத்தில் இருவரும் கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். காது அடைத்தது, மூக்கைப் பிடித்து ஊதினாள், திறந்துகொண்டது. மேலே அவளுடைய படகு அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு ஆடியது. மஞ்சள் மீன்கள் அவளை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் கடந்தன. பாறை இடுக்கில், பாசி பிடித்த முதுகு ஒன்று தெரிந்தது. பாதி முதுகும் ஒரு பின்துடுப்பும். தலை உள்ளே இருந்தது.

டைவ் மாஸ்டர் விரலை வட்டமாக்கிக் கேட்டான்: நல்லா இருக்கா?

இங்கேதான் எல்லாம் கெட்டது. படகு ஓடும்போது எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் படகில் சாப்பாடு பிரமாதம் என்றால் வாய் நிறைய அடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக எல்லோரும் கட்டைவிரலைத்தான் தூக்குவார்கள். இத்தனை வருஷம் அவள் வாங்கிய பாராட்டெல்லாம் அந்த விரல்தான். மனசு நிறைந்துபோன அந்த நொடியில் பாடமாவது ஒன்றாவது. கையை நீட்டி, கட்டைவிரலை உயர்த்தினாள்.

அவன் உடனே அவள் கையைப் பிடித்து மேலே திரும்பினான். அவள் தலையை ஆட்டினாள், கையை உதறினாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து அவன் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஆமையின் தலைப்பக்கம் அவள் இன்னும் போயிருக்கவே இல்லை.

மேலே வந்து வாயிலிருந்த குழாயை எடுத்ததும், "என்னக்கா ஆச்சு? மூச்சு முட்டுச்சா?" என்றான்.

"மறுபடி எறங்கலாம்பா. ஒரே ஒரு தடவ."

கயிறு விறைத்து நின்றது, நீரோட்டம் திரும்பிவிட்டது. கேப்டன் மேல்தளத்திலிருந்து கையசைத்து ஏறச் சொன்னார். கரைக்குத் திரும்பும் நேரம்.

ஏணியில் ஏறியதும் விருந்தாளிகள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். முதல்முறையாக அவர்கள் கேட்டார்கள், அவள் சொல்ல வேண்டியிருந்தது.

"பாத்தீங்களாக்கா? ஆமை எப்படி இருந்துச்சு?"

அவள் டைவ் மாஸ்டரைப் பார்த்தாள். முகத்திலிருந்து உப்புநீர் வழிந்தது, கடல்தண்ணீரும் அதில் கொஞ்சம் இருந்தது.

"ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னேன்பா. சொன்னதும் மேல கூட்டிட்டு வந்துட்டான்."