உருளைக்குப் பொட்டு வைத்த படம்

திண்டிவனத்தில் எங்கள் பட்டறையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மெஷின் செய்கிறோம். உள்ளே சுற்றும் உருளையில் டயர் பட்டைகளைச் சாய்வாகப் பதித்து, பருப்பு உடையாமல் விழச் செய்தவர் என் வீட்டுக்காரர். அதே உருளைக்கு ஒரு வெளியூர் கம்பெனி காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருப்பதாக, மெஷின் வாங்க வந்த வியாபாரி சொன்னார். கிடைத்துவிட்டால் எங்கள் மெஷினை நாங்களே செய்ய முடியாது. மறுநாளே இருவரும் விழுப்புரத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பார்க்க பஸ் ஏறினோம்.

வக்கீலம்மா கம்பெனியின் விண்ணப்பத்தை நெட்டில் எடுத்துப் படித்துவிட்டு, இன்னும் உரிமை கொடுக்கவில்லை, யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம் என்றார். அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு இவரிடம் திரும்பி, “அவங்க விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே வெளியாளுங்க உருளையைப் பாத்திருக்காங்களா சார்?” என்று கேட்டார்.

இவர் நெஞ்சை நிமிர்த்தினார். “ஒரு ஈ காக்கா பாத்ததில்ல மேடம். வெல்டிங் வெச்சி மூடிதான் குடுப்போம்.”

“அப்போ கஷ்டம் சார். நாலு பேருக்குத் தெரிஞ்சதா இருந்தாத்தான் அது புதுசு இல்லன்னு நாம சொல்ல முடியும்.”

இவர் முகம் செத்துப்போனது. எனக்கோ ஒரு படம் ஞாபகம் வந்தது. சில வருடம் முன்பு ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிப் படைத்தபோது, உருளையையும் படமெடுத்து நெட்டில் போட்டிருந்தேன். “தொழில் ரகசியத்த தெருவுல வெச்சிக்கினு நிக்கிறியே” என்று இவர் குதித்தார். அழிக்கச் சொன்னார். வீம்புக்கு அழிக்காமல் விட்டிருந்தேன்; இவருக்கு அது தெரியாது.

போனில் தேடி எடுத்து நீட்டினேன். பட்டைக்குப் பட்டை சந்தனம், குங்குமம். சாய்வு பளிச்சென்று தெரிந்தது. மேலே இருந்த தேதி, கம்பெனி விண்ணப்பித்ததற்கு முந்தையது. வக்கீலம்மா கண்ணாடியைச் சரிசெய்து மறுபடி பார்த்தார். “இதைத்தாம்மா கேட்டேன்.”

அந்த வாரமே மனு ஆன்லைனில் போனது. மறுபடி விழுப்புரம் போயிருந்தபோது, பதிவாகிவிட்டது என்று வக்கீலம்மா சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் இவரிடம், ரகசியத்தைத் தெருவில் வைத்தவளுக்கு ஒரு காபியாவது உண்டா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திண்டிவனத்தில் இறங்கியதும் காபியோடு போண்டாவும் வந்தது.

முடிவு இன்னும் வரவில்லை. இதற்குள் இவர் உருளையில் வேறொரு மாற்றம் செய்துவிட்டார். இந்த ஆயுத பூஜைக்கு அதைப் பட்டறைக்குள் வைக்கவில்லை. ரோட்டோரம் மேஜை போட்டு, பொட்டு வைத்து, என்னைக் கூப்பிட்டார்.

“ஜல்தி வாம்மா. நல்லா கிட்ட வந்து படம் எடு.”