பெடல் கெட்டியாகும் வரைக்கும்

தெருவில் அவருக்கு 'அரைச்சுத்து' என்றுதான் பேர். குழாயோ கதவுக் கீலோ, எதை முடுக்கினாலும் "இன்னும் ஒரு அரைச்சுத்து" என்று சொல்லிக்கொண்டே முடுக்குவார். தச்சு வேலை பார்க்கிற மனுஷன். வீட்டுப் பழைய காரை எந்த மெக்கானிக்கும் தொட்டதில்லை. பிரேக் பேட் தேய்ந்தால் பேடுக்கு மட்டும்தான் காசு. கூலிக்குத் தம்பிடி கிடையாது.

அன்றைக்கு வாசல் சரிவில் வண்டியை நிறுத்தி முன்சக்கரம் இரண்டையும் கழற்றினார். புது பேட் தடிமனாச்சே, நுழைய இடம் வேண்டாமா? மரம் ஒட்டுகிற கிளாம்பை மாட்டி, பேடை அழுத்துகிற பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளினார். பேட் ஜம்மென்று உட்கார்ந்தது. சக்கரம் மாட்டி, ஜாக்கியை இறக்கி, பின்சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கல்லையும் எடுத்தாயிற்று. வண்டி ஹேண்ட் பிரேக்கில் நின்றது. ஒன்றுதான் பாக்கி. பிஸ்டன் திரும்ப வந்து பேடைத் தொட்டு, பெடல் கெட்டியாகும்வரை மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும். அதுவரை பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்து சேர்ந்தான்.

"என்ன மாமா, கட்டில் செய்யிற கையால காருக்கும் வைத்தியமா? எமனுக்குப் போன் போட்டாச்சா?"

சுருக்கென்றது. "வாடா இங்கே. பழைய பேடைப் பாரு. தேய்ஞ்சு தகடாக் கிடக்கு. உன் மெக்கானிக் இதைக் காட்டுவானா?" என்று அவனைக் குழாயடிக்கு இழுத்துப் போனார்.

சக்கரம் மாட்டியிருக்கிறது, கல்லும் இல்லை. வேலை முடிந்தது என்று நினைத்தாள் மனைவி. ஆஸ்பத்திரி டூட்டிக்கு நேரமாகியிருந்தது. இன்ஜின் சத்தம் கேட்டு அவர் திரும்பியபோது வண்டி பின்பக்கமாக ரோட்டை நோக்கி உருண்டுகொண்டிருந்தது.

"ஐயோ, என்னங்க! பெடல் பொதுக்குனு உள்ளே போகுது!"

ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவர் கையிலிருந்த பேட் எங்கே விழுந்ததோ!

"ஹேண்ட் பிரேக்கை இழு! இழுடி!" தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடினார்.

கர்ரென்று குலுங்கி நின்றது கார். அதற்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஓர் ஆள் நுழைய இடமில்லை. பஸ் டிரைவர் திட்டியது தெருக்கோடி வரை கேட்டது.

மச்சினன் வாயைத் திறந்தான். "அப்பவே சொன்னேன்..."

"நீ சும்மா இருடா. நீ வந்து வாயடிச்சுதான் அவர் மறந்தாரு." அப்புறம் புருஷனைப் பார்த்தாள். "அவன் வாய்க்குப் பதில் சொல்ல என் உயிர்தான் கிடைச்சுதா?"

அவர் போய் முட்டுக்கல்லைத் தூக்கி வந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

இப்போதும் பேடை அவரேதான் மாற்றுகிறார். ஆனால் சாவி அவள் இடுப்பில். முட்டுக்கல்லை எடுக்கச் சொல்கிற அதிகாரமும் அவளுக்குத்தான். சீட்டில் உட்கார்ந்து மிதிப்பாள். இவர் கல்லருகே குந்திக்கொண்டு காத்திருப்பார்.

"கெட்டியாயிடுச்சா?"

"பொறுங்க. இன்னும் ஒரு மிதி."