நான் படித்துக் காட்டிய ஊர்

கல்லூரியில் நான் நடத்தும் பாடங்களில் ஒன்று, மனிதர்கள் கற்பனையில் கட்டிய ஊர்களைப் பற்றியது. பழைய நூல்களில் ஒரு பயணி கப்பலேறிப் போவான். பசியும் பூட்டும் இல்லாத தீவு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து சொல்வான், கேட்பவர்கள் நம்புவார்கள். பிற்கால நூல்களில் அதே ஊர் சிறையாகிவிடும். ஒன்பது வயதிலேயே இந்த இரண்டிலும் கை வைத்தவள் நான் என்று மாணவர்களிடம் இதுவரை சொன்னதில்லை.

அப்போது நாங்கள் ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் இருந்தோம். நைனா, அதாவது அப்பா, கூலிக்குப் பவர்லூம் ஓட்டினார். அம்மாவின் தம்பி, என் மாமா, திருப்பதி ஏஜெண்டு ஒருவர் மூலம் குவைத்துக்குப் போயிருந்தார். அவரும் என்னைப் போலத் தெலுங்குப் பள்ளியில் படித்தவர். அதனால் தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதுவார். எங்கள் பக்கம் அது சாதாரணம். நைனாவுக்கும் அம்மாவுக்கும் எந்த எழுத்தும் தெரியாது. கடிதம் வந்தால் நான்தான் படிக்க வேண்டும்.

தறி ஓடும்போது காதருகில் கத்தினாலும் கேட்காது. ஆகவே கரண்ட் போகும் நேரம் பார்த்து, தறிக்கொட்டகையிலேயே படிப்பேன். கிட்டே போனால் தானே திறக்கும் கதவு, எந்நேரமும் தண்ணீர் வரும் குழாய் என்று மாமா அடுக்கியிருப்பார். அங்கே கரண்டே போகாது என்று படித்த அன்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நைனாவும் போகலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது நான்காவது கடிதம் வந்தது. கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். கதவும் இல்லை, குழாயும் இல்லை. ஒரே அறையில் பதினோரு பேர். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டார். மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. கடைசியில், “அக்கா, மாமாவ இங்க வரவேணான்னு சொல்லு” என்று எழுதியிருந்தார். அவர் மாமா என்றது என் நைனாவை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல ஊரைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

“இன்னா எழுதிக்கிறான்? படிம்மா” என்றார் நைனா.

ஆளுக்கொரு தனி ரூமு, மாமா சீக்கிரம் வந்தால் இடம் கிடைக்கும் என்று தட்டுத் தடங்கல் இல்லாமல் படித்தேன்.

“கேட்டியா? உன் தம்பி எனக்கு எடம் புடிச்சி வெச்சிக்கினு கீறான்!” என்று நைனா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா கேட்டது வேறு. “அவனுக்கு ஒடம்பு எப்டி கீதாம்?”

“நல்லா கீதாம்” என்றேன். மற்ற பொய்களையெல்லாம் விட இதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

அம்மாவின் கம்மல் அதே ஏஜெண்டின் கைக்குப் போனது. ரேணிகுண்டாவில் நைனாவைப் பம்பாய் ரயில் ஏற்றிவிட்டோம். மாமா இருந்த கம்பெனிக்கே அவரும் போனார். இனி குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. தபால்காரரைக் கண்டால் வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்வேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நைனா சொல்லச் சொல்ல மாமா எழுதியது. அந்தக் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். “பாப்பா படிச்சிக் காட்ன மாதிரியே கீது ஊரு. தனி ரூமு. நல்லா துன்னுறேன், நல்லா தூங்குறேன்.”

ஓர் எழுத்தையும் மாற்றாமல் அம்மாவுக்கு இரண்டு முறை படித்தேன். அப்படியானால் மாமாதான் அன்று பொய் எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டி, நிம்மதியாக விளையாடப் போனேன். பதினோரு பேர் அடைந்து கிடந்த அந்த அறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.