அளவுக்கு ஓர் ஆள்

அத்தான் இறந்த பிறகு, சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் தேடினோம். வீட்டில் இரண்டு பெட்டி நிறையப் படங்கள் இருந்தன. எல்லாம் பாறை. பாறையின் ஓரத்தில் என் அக்கா, முதுகைக் காட்டிக்கொண்டு. அத்தானைக் காணோம். எப்படி இருப்பார்? எடுத்தவரே அவர்தானே.

சாலை போடும் நிறுவனம் ஒன்றில் அத்தானுக்கு நிலவியல் வேலை. மலையை வெட்டிய இடத்தில் போய் நின்று, பாறை அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். சாலைப் பக்கம் சாய்ந்திருந்தால் மழைக்கு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மற்றபடி சுமாரான மனிதர்தான். பல்பு மாற்றத் தெரியாது. தக்காளி வாங்கப் போனால் வெங்காயத்தோடு வருவார். குறட்டை மட்டும் குறையில்லாமல் விடுவார்.

பாறையைப் படமெடுக்கும்போது அளவு தெரிய எதையாவது பக்கத்தில் வைப்பது அவர்கள் தொழிலின் வழக்கம். சுத்தியல், பேனா, ஏதோ ஒன்று. இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு அது மலையா மண்ணாங்கட்டியா என்று தெரியாது. அத்தான் சுத்தியலை எங்கேயாவது மறந்து வைத்துவிடுவார். அக்காவை அப்படி மறந்ததில்லை, ஒரு முறை பெட்ரோல் பங்க்கில் தவிர. அதனால் அளவுக்கு அக்காதான்.

ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் நானும் மாட்டிக்கொண்டேன். சாலையோரத்தில் மலையை வெட்டிய இடத்தைப் பார்த்ததும் காரை நிறுத்திவிட்டார்.

"அந்த மூலையில போய் நில்லு."

"முள்ளு இருக்குங்க."

"இன்னும் கொஞ்சம் ஓரமா. கோட்ட மறைக்கற பாரு. கேமராவப் பாக்காத, பாறையப் பாரு. மூஞ்சி தெரிஞ்சா எல்லாரும் மூஞ்சியத்தான் பாப்பாங்க."

"கட்டின அன்னைக்கே சொல்லியிருந்தா முக்காடு போட்டுட்டு வந்திருப்பேன்."

"சாஞ்சு நிக்காத. அப்புறம் எது சாஞ்சிருக்குன்னே தெரியாது."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "என்ன கோடு அத்தான்?" என்று கேட்டுவிட்டேன்.

"கீழ பாரு மச்சான். அடுக்கெல்லாம் சாஞ்சு கிடக்கா? சேறு மட்டமாத்தான் படியும். கல்லான பிறகு பூமி தூக்கிச் சாய்ச்சிருக்கு. மேல பாரு, மட்டமா இருக்கு. சாஞ்சதோட தலைய மழையும் காத்தும் சீவி விட்டப்புறம், அதுமேல புதுசா படிஞ்சது. கோட்டுக்கு மேல கூழாங்கல் இருக்கே, அதெல்லாம் கீழ்ப் பாறையில இருந்து உடைஞ்ச துண்டு. நடுவுல லட்சக்கணக்கான வருஷத்தக் காணோம்."

"என் வயசும் அங்கதான் எங்கயாவது கிடக்கும். நல்லாத் தேடிப் பாருங்க" என்றாள் அக்கா, பாறையைப் பார்த்தபடியே.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அலுவலக அடையாள அட்டையில் அத்தானின் முகம் இருந்தது. அதைப் பெரிதாக்கலாமா என்று அக்காவிடம் காட்டினேன்.

"தேடப்படும் குற்றவாளி மாதிரி இருக்காரு. இதயா தினம் பாத்துக்கிட்டு இருப்பேன்?"

மறுபடி பெட்டிகளைக் கொட்டினோம். அடியில் ஒரு படத்தில் அக்கா இல்லை. மூலையில் கட்டை விரல் நக அளவு தொப்பிக்காரர் ஒருவர், முதுகைக் காட்டி நின்று, ஒரு கையால் பாறைச் சாய்வைக் காட்டிக்கொண்டிருந்தார். சட்டை பின்னால் வெளியே வந்திருந்தது.

அக்கா படத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு எனக்கு முட்டி வலி. நீங்களே போய் நில்லுங்கன்னு கேமராவ வாங்கிட்டேன்."

"ஒரு தடவ திரும்பச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"திரும்பினாரே. 'கோடு நடுவுல வந்துச்சா'ன்னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. வந்துச்சுன்னேன். பழையபடி திரும்பி நின்னாரு. அப்பத்தான் அமுக்கினேன்."

"சிரிச்சப்பவே அமுக்கியிருக்கலாமேக்கா."

"மூஞ்சி தெரிஞ்சா படம் கெட்டுடுமேடா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டிருக்க வேண்டும். எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். நான் கொட்டிய படங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஸ்டூடியோக்காரர் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார். "சார், இதுல ஆளு எங்க?"

காட்டினேன்.

"பெருசு பண்ணா தொப்பிதான் வரும். வேணும்னா பாறைய வெட்டிட்டு ஆள மட்டும் எடுத்துத் தரேன்."

அக்காவுக்குப் போன் போட்டேன். ஸ்டூடியோக்காரர் சொன்னதைச் சொன்னேன்.

"பாறைய வெட்டிட்டா அவரு எவ்வளவு பெருசுன்னு எப்படித் தெரியும்? முழுசாவே போடச் சொல்லு."

முழுதாகவே மாட்டியிருக்கிறோம். துக்கம் கேட்க வருகிறவர்கள் முதலில் பாறையைப் பார்க்கிறார்கள், பிறகு எங்களைப் பார்க்கிறார்கள். "இதுல அவரு எங்கம்மா?" என்று யாராவது கேட்டால், அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்த் தொட்டுக் காட்டுகிறாள், விரலால் கோட்டை மறைக்காமல்.