குலேந்திரன் வைக்காத நேர்த்தி

சுவிஸ் நாட்டுத் துன் நகரத்துத் தமிழரில் றக்பி விளையாடும் ஒரே மனிதர் குலேந்திரன். நாற்பத்திரண்டு வயது, இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். எங்கள் சனத்துக்குக் கிரிக்கெட் விளங்கும், உதைபந்தாட்டம் விளங்கும், கரப்பந்தாட்டத்துக்காகக் கோடை விழாவில் சண்டையே பிடிக்கும். வளர்ந்த ஆண்கள் சேற்றில் குனிந்து கடா ஆடு மாதிரி முட்டுப்படுவது மட்டும் ஏனென்று விளங்காது. "பிள்ளையள் வளர்ந்திட்டுதுகள், இனியாவது உந்த விளையாட்டை விடன் ஐசே" என்று கோயில் மண்டபத்தில் அவருக்குச் சொல்லாத ஆளில்லை. அவர் சிரித்துவிட்டு, அடுத்த பந்திக்குச் சோறு பரிமாறப் போய்விடுவார்.

அவரை இதற்குள் இழுத்து விட்டவன் ரேட்டோ. குலேந்திரன் அதே ஹோட்டலில் சட்டி கழுவிக்கொண்டிருந்த காலத்தில் ரேட்டோ மாணவன், விடுமுறைக்கு அங்கே பரிசாரகனாக நின்றான். பெரிய கிடாரம் ஒன்றைத் தனியே தூக்கிக்கொண்டு போன குலேந்திரனைப் பார்த்து, இந்தக் கழுத்தும் தோளும் இங்கே வீணாகக் கூடாது என்று கையோடு மைதானத்துக்குக் கூட்டிப் போனான். அகதி மனுத் தீராமல், போக இடமும் பேச ஆளும் இல்லாமல் கிடந்த மனிதருக்கு அது பெரிய விஷயம். 'குலேந்திரன்' என்ற பெயரைச் சுருக்காமல் முழுதாகச் சொல்லப் பழகிய முதல் சுவிஸ்காரன் அவன். குலேந்திரனின் கல்யாணத்துக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்து, அது அவிழ்ந்து விடுமோ என்ற பயத்தில் கடைசிவரை நின்றபடியே சாப்பிட்டான். இன்று அவன் பள்ளிக்கூட வாத்தியார், அணியின் தலைவனும் அவனே.

அந்த விளையாட்டில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. பக்கத்துக்கு எட்டுப் பேர் குனிந்து தோளோடு தோள் கோத்து எதிராளியைத் தள்ளுவார்கள். முழுப் பாரமும் முன்வரிசை மூன்று பேரின் கழுத்தில்தான் இறங்கும். பழகாதவன் அங்கே நின்றால் கழுத்து முறிந்து போகும். அதனால் பழகிய மூன்று பேர் இல்லாத அணி தள்ளக் கூடாது. அவர்களுடைய லீக்கில் அப்படி நேர்ந்தால் ஆட்டமே எதிரணிக்கு என்று விதி. இவர்களிடம் முன்பு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் முழங்காலைத் தொலைத்தார், ஒருவர் வேலை மாறிப் போனார், கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, இந்தப் பருவத்தில் மிஞ்சியது மூன்றே பேர். நடுவில் ரேட்டோ, இடப்பக்கம் ஒரு தச்சன், வலப்பக்கம் குலேந்திரன்.

இலையுதிர் காலம் முழுக்கத் தோல்வி. பனி கரைந்த பிறகு எப்படியோ இரண்டு ஆட்டம் வென்றார்கள். கடைசி ஆட்டத்தையும் வென்றால் லீக்கில் நிற்கலாம், தோற்றால் கீழே இறக்கம். கீழே இறங்கினால் இருக்கிற பெடியளும் வேறு அணிக்குப் போய்விடுவார்கள், அதோடு அணி கலைந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஏப்ரல் மழையில் நடந்த ஆட்டம் ஒன்றில்தான் குலேந்திரனின் பின்மண்டையில் எவனோ ஒருவனுடைய முழங்கால் இடித்தது. கொஞ்ச நேரம் கண்ணுக்குள் வெள்ளை. எழும்பி, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு விளையாடினார். திங்கட்கிழமை ஹோட்டலில் வெண்ணெயில் வெங்காயம் வதக்கிக்கொண்டு நின்றபோது பக்கத்து அடுப்பில் நின்ற யேசுதாசன் கத்தினான்.

"அண்ணை, கருகுது!"

குனிந்து பார்த்தார். வெங்காயம் கரியாய்க் கிடந்தது, புகை முகத்தில் அடித்தது. மணம் இல்லை. கோப்பித் தகரத்துக்குள் மூக்கை நுழைத்தார், அதிலும் இல்லை. நாக்கில் உப்பும் புளிப்பும் உறைப்பும் தட்டியது, ஆனால் ஆட்டிறைச்சிக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூக்கில்லாத சமையல்காரனை எந்த ஹோட்டல் வைத்திருக்கும்? 

டொக்டரிடம் போனால் முதல் வேலையாக விளையாட்டை நிறுத்துவார். ஹோட்டலுக்குத் தெரிந்தால் அடுப்பை விட்டு இறக்குவார்கள். ஆகவே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தார். மறைப்பதற்கு அவருக்குக் கிடைத்தவர் முருகப்பெருமான்.

"முருகனுக்கு ஒரு நேர்த்தி வைச்சிருக்கிறன் தம்பி. இறைச்சி, மீன் வாயிலை வைக்கேலாது, இஞ்சை எல்லாச் சட்டியிலும் அதுதானே. நீதான் எனக்கு உருசி பாக்கோணும்."

யேசுதாசன் வேதக்காரன். என்றாலும் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை அவன், நேர்த்தி என்றால் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது என்று தெரிந்தவன். ஒரு கேள்வி இல்லாமல் ஒவ்வொரு சட்டியிலும் கரண்டியை விட்டு, "உப்புக் காணும் அண்ணை", "சோஸ் கொஞ்சம் அடிப்பிடிச்சுப்போட்டுது அண்ணை" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவன் நம்ப நம்பக் குலேந்திரனுக்கு நெஞ்சு கனத்தது.

மே மாதம் யேசுதாசனின் மகளுக்கு முதல் நற்கருணை. விருந்தில் குலேந்திரன் மட்டன் ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யேசுதாசன் சந்தோஷமாகக் குலேந்திரனின் மனைவி கலாவதியிடம் வந்தான்.

"என்னக்கா, அண்ணையின்ரை முருகன் நேர்த்தி முடிஞ்சுதோ? இனி அவருக்கு நான் உருசி பாக்கத் தேவையில்லைப்போலை. ரோல்ஸ் வெட்டு வெட்டெண்டு வெட்டுறார்!"

கலாவதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் புருஷனை நாலு பேருக்கு முன்னால் விட்டுக்கொடுக்கிற மனுஷி இல்லை அவள். "ஓம் ஓம், முடிஞ்சுது" என்றாள். வீடு வந்து, பிள்ளைகள் அறைக்குப் போனதும் குசினிக் கதவைச் சாத்தினாள்.

"கண்ணை மூடுங்கோ."

"என்னப்பா இது விளையாட்டு?"

"மூடுங்கோ எண்டுறன்."

எதையோ மூக்குக்குக் கிட்டப் பிடித்தாள். "இது என்ன மணம்?"

அவர் நன்றாக இழுத்துப் பார்த்தார். "மல்லித்தூள்" என்றார்.

கண்ணைத் திறந்தபோது அவள் கையில் நெத்தலிக் கருவாடு. வாங்கி வந்தாலே மாடி முழுக்க மணக்கிற சாமான். கலாவதி ஒருமுறை சிரித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன், பால் பொங்கி எரியுது, நீங்கள் பக்கத்திலை இருந்து ஃபோன் பாக்கிறீங்கள். ஏனப்பா முருகனை இழுத்தனீங்கள்?"

"வேறை ஆரை இழுக்கிறது?"

"டொக்டரிட்டைப் போவம்."

"சனிக்கிழமை கடைசி ஆட்டம். அது முடியட்டும். நான் இல்லாட்டி அணியே போச்சு."

"மூக்குப் போச்சு. அடுத்தது என்ன போகோணும்? கண்ணோ, ஞாபகமோ?"

 கடைசியில், ஆட்டத்துக்கு முதல் ரேட்டோவிடம் சொல்வதாக ஒத்துக்கொண்டார். "சொன்னால் அவன் ஒரு நிமிசமும் யோசிக்கமாட்டான், உடனே வெளியிலை இருத்திப்போடுவான்" என்றார். அதுதான் அவருக்குப் பயம். அதுவே ஒரு ஆறுதலும்.

சனிக்கிழமை கலாவதியும் கூட வந்தாள், இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக. மைதானத்து ஓரத்தில் குளிர்ச்சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். குலேந்திரன் உடைமாற்றும் அறைக்குப் பின்னால் ரேட்டோவைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அடி, வெங்காயம், கருவாடு, எல்லாம். சொல்லி முடிய நெஞ்சு லேசாகிவிட்டது. இனி ரேட்டோ தோளில் கை போடுவான் என்று காத்திருந்தார்.

ரேட்டோ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "வேறு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான்.

"மனைவிக்கு."

ரேட்டோ கலாவதி நின்ற பக்கம் பார்த்தான். "எண்பது நிமிடம்தானே குலேந்திரன்," என்றான் மெல்ல. "ஆட்டம் முடிந்து சொல்லியிருந்தால்..." மிச்சத்தை அவன் சொல்லவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது, கெட்டவன் இல்லை அவன். ஆனால் வேண்டாம், போய் இரு என்றும் சொல்லவில்லை.

அந்த முழங்கால் அடி இவ்வளவு நோகவில்லை.

நடுவர் வழக்கம்போல முன்வரிசைக்காரரை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். பழகியவர்கள், உடல் சுகமானவர்கள் கையை உயர்த்தச் சொன்னார். தச்சன் உயர்த்தினான். ரேட்டோ குலேந்திரனைப் பார்த்தபடியே உயர்த்தினான். குலேந்திரன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, தலையில் அடிபட்டிருக்கிறது, நான் விளையாட முடியாது என்று நடுவரிடம் தன் வாயாலேயே சொன்னார். ஆட்டம் அங்கேயே தோற்றுப்போனது. வந்ததற்கு விளையாடுவோம் என்று மற்றவர்கள் இறங்கினார்கள்.

அவர் மனைவிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சொல்லிட்டீங்களோ?"

"ஓம்."

"ரேட்டோ என்ன சொன்னவர்?"

மைதானத்தில் முதல் ஸ்க்ரம். தள்ளாமல், சும்மா சாய்ந்துகொண்டு நின்றார்கள். தான் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு பெடியன் நின்றான்.

"உடனே போய் இருக்கச் சொல்லிட்டான்" என்றார் குலேந்திரன். "அணி போனால் போகட்டும், உன்ரை தலைதான் பெரிசெண்டான்."

கலாவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களோ, எவ்வளவு நல்ல மனிசன். நீங்கள்தான் வீணாப் பயந்தனீங்கள்."

"ஓம்" என்றார் அவர்.