பாதிப் பாட்டுப் பசி

தட்டை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, மருமகள் நர்மதாவின் கைபேசிப் பாட்டுக்குக் காதைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார் சுப்பையன். தட்டில் சோறும் கொள்ளுப்பருப்பும் ஆறுகின்றன.

"பசி வரட்டும் சாமி" என்கிறார், அது ஏதோ பள்ளிபாளையத்தில் பஸ் ஏறிவிட்டதுபோல.

சங்ககிரியில் முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவர். வண்டியில் மத்தியானத்துக்கென்றே ஒரு கேசட் வைத்திருந்தார். கடையில் பிடித்த பாட்டாகச் சொல்லிப் பதிந்தது. ஏ பக்கம் முடிந்தால் வண்டி ஓரங்கட்டும். திரும்பி வந்து கேட்பதற்குக் கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட இறங்குவார். "நாக்பூர் ரோட்டுல வெறும் ரொட்டியும் வெங்காயமுந்தானுங்க. எட்டு உள்ள போயிரும்!" அவர் சொன்ன விதத்தில், பக்கத்து வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த எனக்கே பசித்தது.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தும் பழைய டேப்பில் அதைப் போட்டே சாப்பிட்டார். போன மாதம் நாடா சிக்கி அறுந்தது. பசியும் அதோடு போயிற்று. வேட்டி பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று. சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்தார். பசியைக் கிளப்பும் ஹார்மோன் பழகிய நேரத்துக்குத்தான் சுரக்கும் என்று டாக்டர் விளக்கினாராம். "எனக்கேதுங்க நேரம்? பாட்டுத்தானுங்க" என்று இவர் அவரையே திருத்தியிருக்கிறார்.

பயந்துபோன நர்மதா அத்தனை பாட்டையும் தேடிப் பிடித்து, அதே வரிசையில் கைபேசியில் ஏற்றினாள். பத்து நாளாக ஒன்றும் நடக்கவில்லை; கடைசிப் பாட்டு வருவதற்குள் பசியில்லையென்று எழுந்துவிடுவார்.

இன்று எழுந்திருக்கவில்லை. ஏ பக்கத்துக் கடைசிப் பாட்டில் இரண்டாம் சரணம் தொடங்கியதும் சுப்பையன் முகம் சுளித்தார்.

"இதேது சாமி, புதுசா இருக்குது?"

"அதே பாட்டுத்தானுங்க மாமா."

"இத நான் கேட்டதே இல்லியே. 'வாசம்'னு வரும், டக்குனு நின்னு போயிரும்."

நர்மதா என்னைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கடைக்காரர் பதியும்போது நாடா தீர்ந்த இடம் அது. மனுஷன் முப்பது வருஷமாகப் பாதிப் பாட்டுக்குப் பசித்திருக்கிறார்.

அவள் பாட்டை முதலிலிருந்து போட்டாள். கட்டைவிரலைத் திரைக்கு மேலே நிறுத்திக் காத்திருந்தாள். 'வாசம்' வந்தது. அழுத்தினாள். நாக்கை மடித்து "டக்" என்று ஒரு சத்தமும் கொடுத்தாள்.

சுப்பையனின் இடது கை, கேசட்டைத் திருப்பிப் போட, காற்றில் நீண்டது. வலது கை தட்டை இழுத்துக்கொண்டது.