பேர் கேட்டவர்கள்

வீட்டை விற்பது என்று முடிவானதும் அப்பா முதலில் செய்த வேலை, கூடத்தில் உட்கார்ந்து வீட்டின் குறைகளை யோசித்ததுதான். கூடத்துச் சுவரில் ஒரு வெடிப்பு. சமையலறையில் மழைக்கு ஒழுகும் ஒரு மூலை. ஐப்பசியில் உப்பிக்கொண்டு மூட மறுக்கும் பின்கதவு. இவ்வளவுதான் என்றார். அந்த வரிசையில் நானும் சேர வேண்டியவள் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு இரண்டரை. காரிமங்கலத்திலிருந்து உள்ளே போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் எங்கள் வீடு இருந்தது. அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அவருக்கு மேட்டூர்ப் பக்கம் மாற்றல் வந்திருக்கிறது, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் நாம் அங்கே போயாக வேண்டும், இந்த வீடு விற்றால்தான் அங்கே ஒரு வீடு பிடித்து உட்கார முடியும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. பெரியம்மா வந்து, "சொந்த வூட்ட வித்துட்டு வாடகைக்குப் போறவங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்று மோவாயில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

எங்கள் ஊருக்கென்று ஒரு புரோக்கர் இருந்தார். டீக்கடை பெஞ்சில் ஓர் ஓரம் அவருக்குரியது. எருமையோ, நிலமோ, வீடோ, அந்த ஓரத்தைத் தாண்டித்தான் கைமாறும். அவர் தாமாகவே ஒரு நாள் குடையோடு வந்து, அறை அறையாகப் பார்த்து, இல்லாத மூன்றாவது படுக்கையறையைப் பற்றிக்கூட அப்பாவிடம் பெருமையாகப் பேசினார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. நாம் குடியிருக்கிற வீட்டைப் பற்றி நம்மைவிட அவருக்கு என்ன தெரியும் என்பது அப்பாவின் கட்சி. இதை அவர் மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்.

புரோக்கர் குடையை விரித்துக்கொண்டு, "நீங்களே வித்துப் பாருங்க சார். பொண்ணு பாக்க வர்ற மாதிரி வருவாங்க. போண்டாவத் தின்னுட்டு, போயி லெட்டர் போடறோம்னுவாங்க" என்று சிரித்தார்.

இந்தச் சிரிப்பு எங்கள் மாமாவைச் சுட்டுவிட்டது. அம்மாவின் தம்பியான அவர், ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் எங்கள் வீட்டில் தங்குவார். அந்த நடுக்காலமே அவருடைய வாழ்க்கையில் பெரும்பகுதி. வீட்டை விற்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். நீலப் பொடியைக் கரைத்து மதில் சுவரில் இப்படி எழுதினார்: "இந்த வீடு விற்பனைக்கு. உரிமையாளரை நேரில் அணுகவும். புரோக்கர்கள் மன்னிக்கவும்." கூடத்து வெடிப்பின் மேல் ஒரு பெரிய காலண்டரை மாட்டினார். பின்கதவை எப்போதும் திறந்தே வைத்தார்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். புரோக்கர் சொன்னதுபோலத்தான் வந்தார்கள், போண்டாவும் தின்றார்கள். ஆனால் எனக்கு அவர்களைப் பிடித்திருந்தது. காரணம், வந்தவர்கள் எல்லோருமே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். "உம் பேரு என்ன பாப்பா? எத்தனாவது படிக்கறே?" என்றார்கள். நான் பேரையும் வகுப்பையும் ஆசிரியர் பேரையும் சொல்லி, கேட்காமலே ஒரு பாட்டும் பாடுவேன். அவர்கள் கவனமாகப் பார்ப்பார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

அவர்கள் என் கண்ணைப் பார்க்கவில்லை என்பதை முதலில் கவனித்தவர் மாமாதான்.

எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டு ஆழ்குழாய் போரில் நல்ல தண்ணீர் வரும். நான்கு வீடு தள்ளிப் போட்ட போரில் வருவதைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல் காவியேறிவிடும், ஏறினால் பிறகு போகாது. தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தாலும் குடித்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. விற்கிறவரைக் கேட்டால், தேன் என்பார். அதனால் வீடு வாங்க வருகிறவர்கள் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேர் கேட்பார்கள். பிள்ளை வாயைத் திறக்கும்.

என் முன்பற்கள் விழுந்து முளைத்தபோதே பழுப்புக் கோடுகளோடுதான் முளைத்தன. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான் என்பதால் பல்லின் நிறமே அதுதான் என்று இருந்துவிட்டேன். அந்தத் தை மாதம் பள்ளிக்கு ஒரு பல் டாக்டர் வந்திருந்தார். என் வாயைப் பார்த்துவிட்டு, வீட்டில் வேறு குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். தம்பி இருக்கிறான், ரொம்பச் சேட்டை என்றேன். அப்பாவை வரச் சொன்னார். அப்பா போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். என்னைப் பற்றி ஏதோ புகார் என்று பயந்து, அன்று முழுதும் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

மாமாவின் ஏற்பாடு எளிமையானது. சுவர் வெடிப்புக்குக் காலண்டர், எனக்குப் பின்வீடு. யாராவது வீடு பார்க்க வந்தால் நான் பின்வாசல் வழியாகப் பின்வீட்டு அத்தையிடம் போய்விட வேண்டும். அத்தை என்பது முறைக்காகக் கூப்பிடுவது. அவர் தருமபுரி வியாபாரி ஒருவருக்காகக் கூலிக்குப் புளி தட்டிக்கொண்டிருந்தார். நானும் ஒரு சிறு கட்டையை வாங்கிக்கொண்டு, ஓடு போன புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பேன்.

"ஏண்டி, மறுபடியும் தொரத்திட்டாங்களா? உன்னாலதான் எனக்கு இந்த வருசம் புளி சீக்கிரம் முடியுது" என்பார் அத்தை. பேசும்போது அவருடைய வாயிலும் அதே கோடுகள் தெரியும்.

என் இடத்தில் தம்பியை நிறுத்தினார் மாமா. இடுப்பில் தூக்கிக்கொண்டு, விலாவில் ஒரு விரலால் சீண்டுவார். அவன் கெக்கலித்துச் சிரிக்கும்போது பால் பற்கள் அத்தனையும் பச்சரிசிபோல் வெளியே தெரியும். "பாருங்க, எங்க வூட்டுத் தண்ணி குடிச்சு வளர்ந்த பல்லுங்க" என்பார். மாமா பொய் சொல்லவில்லை. பால் பல்லில் அந்தத் தண்ணீர் அவ்வளவாகக் கைவரிசை காட்டுவதில்லை, பிறகு முளைக்கும் பல்லில்தான் காட்டும் என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான் கண்ணாடி பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். சாம்பலால் தேய்த்தேன், செங்கல் பொடியால் தேய்த்தேன். ஈறுதான் சிவந்தது. பேசும்போது வாயைக் கையால் மூடக் கற்றுக்கொண்டேன். என்னால்தான் வீடு விற்கவில்லை என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

சித்திரை நடுவில் பொம்மிடியிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கையில் ஒரு பெண் குழந்தை. அவர்களுக்கு வீடு பிடித்துப்போனது எனக்குப் பின்வீட்டிலேயே தெரிந்தது. மாமாவின் குரல் அவ்வளவு உயர்ந்திருந்தது. தம்பி இரண்டு முறை சிரித்து முடித்திருந்தான். அத்தைகூடக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னிக்கு வெத்தல மாத்திருவாங்க போலடி" என்றார்.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

போனேன். சமையலறையில் அம்மாவும் அந்த இளம்பெண்ணும் மட்டும் நின்றிருந்தார்கள். குழந்தை அவள் தோளில் ஈறைக் காட்டி எச்சில் வடித்துக்கொண்டிருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை தயாராக இருந்தது. அந்தப் பெண் அம்மாவிடம் ஏதோ கேட்டிருக்க வேண்டும், அம்மாவின் முகம் சரியில்லை. நான் வாயைக் கையால் மூடிக்கொண்டேன்.

"கையை எடு" என்றார் அம்மா. "அக்காவுக்குச் சிரிச்சுக் காட்டு."

நான் உதடுகளை இறுக்கிக்கொண்டேன். அம்மா என் மோவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டை விரலால் மேலுதட்டைத் தூக்கினார். அவர் விரல் அழுத்தமாக இருந்தது. கோபத்தால் என்று நினைத்தேன்.

"தண்ணி எப்படின்னு கேட்டியே கண்ணு. இப்படித்தான்" என்றார் அம்மா.

அந்தப் பெண் பார்த்தாள். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். பிறகு குனிந்து என் கன்னத்தைத் தொட்டு, "உம் பேரு என்ன சாமி?" என்று கேட்டாள். அதுவரை பேர் கேட்டவர்கள் எல்லோரும் பல்லைப் பார்ப்பதற்காகக் கேட்டவர்கள். பல்லைப் பார்த்த பிறகும் பேர் கேட்டவள் அவள் ஒருத்திதான். ஆனால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் பேரைச் சொல்லாமலே ஓடிவிட்டேன்.

அவர்கள் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். மாமா கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"கையில வந்தத கெடுத்துட்டியேக்கா. நானென்ன பொய்யா சொன்னேன்? போறதுக்கு நாள் இருக்குதா நமக்கு?"

"அந்தக் கொழந்தைக்கு இன்னும் ஒரு பல்லுகூட மொளைக்கலடா" என்றார் அம்மா.

நான் அம்மாவோடு பேசவில்லை. ஒளித்து வைத்த மாமாவைவிட, வெளியே இழுத்துக் காட்டிய அம்மா மேல்தான் எனக்குக் கோபம். அப்பா அலுவலகத்திலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எழுந்து போய்ச் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றினார். பிறகு நீலப் பொடியைக் கரைத்துக்கொண்டு வெளியே போனார். மாமாவின் எழுத்துக்குக் கீழே, அதைவிட அழகான கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்தது: "தண்ணீர் குடிக்க ஆகாது."

ஊரே வந்து படித்தது. டீக்கடையிலிருந்து புரோக்கரும் வந்தார். "சார், பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட பொண்ணுக்கு ஒரு கண்ணு தெரியாதுன்னு வாசல்லயே எழுதிப்போட்ட மாப்ள வூட்டுக்காரங்கள நான் பாத்ததில்லீங்க" என்றார். உவமை தலைகீழாகப் போனது அவருக்கே தெரிந்து, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மே மாதமும் பாதி போய்விட்டது. யாரும் வரவில்லை. அம்மா தம்பிக்குத் தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் டம்ளரைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பார்.

வீடு விற்றது புளியால். பின்வீட்டு அத்தையிடம் தட்டிய புளியை எடுத்துப் போக, அந்தத் தருமபுரி வியாபாரி வேனோடு வந்தார். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். மதிலருகே நின்று நிதானமாகப் படித்துவிட்டு உள்ளே வந்து அப்பாவுக்கு சலாம் சொன்னார்.

"குடிக்க ஆகாதுன்னு எழுதியிருக்கீங்களே சார், ஒழுகறது எதாவது உண்டா?"

"சமையலறையில ஒரு மூலை" என்றார் அப்பா, உடனே.

"அத அடைச்சுக்கலாம். புளி மூட்டைக்குத் தண்ணியே ஆகாதுங்க. எனக்கு இந்தப் பக்கம் ஒரு குடோன் வேணும்." அவர் போண்டாவையும் தின்றார், வெற்றிலையும் மாற்றினார். போகும்போது பழக்கத்தில் என் பேரைக் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு சொன்னேன். "கைக்குள்ள பேசினா எனக்கு எப்படிக் கேக்கும்?" என்று அவர் சிரித்தார். அவருக்கும் காவிப் பல்தான். அது வெற்றிலையா தண்ணீரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நெடுங்காலத்துக்குப் பிறகு, அப்பா ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது, பேச்சோடு பேச்சாக ஒன்று தெரிய வந்தது. அந்த மாற்றல் தானாக வந்ததல்ல. பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த வாரமே, அப்பாவே கேட்டு வாங்கியது. வேறு யாரும் விரும்பாத இடம் என்பதால் உடனே கிடைத்தது. தம்பிக்குப் பல் விழுந்து முளைத்தபோது அது வெள்ளையாகவே முளைத்தது. ஓரத்தில் மட்டும் சுண்ணாம்பு பட்டதுபோல் ஒரு மங்கல் புள்ளி. அன்று அப்பாவும் அம்மாவும் அவனை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, அந்த ஒற்றைப் பல்லை, கட்டி முடித்த வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆனால் இது பின்னால் நடந்தது. நாங்கள் புதிதாகக் குடிபோன நாளுக்கே வருகிறேன்.

அந்த வாடகை வீட்டின் வாசலில் ஒரு குழாய் இருந்தது. ஆற்றுத் தண்ணீர் வரும். அம்மா பால் காய்ச்சி இறக்கினார். பாலைக் கொடுப்பதற்கு முன்னால் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துத் தம்பிக்குக் கொடுத்தார். அவன் பாதியைக் குடித்து மீதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான். அம்மா திட்டவே இல்லை.

நான் எனக்குள்ளே யோசித்து வைத்திருந்தேன். கெட்ட தண்ணீர் பல்லைக் கறையாக்கியது என்றால், நல்ல தண்ணீர் அதைக் கழுவிவிட வேண்டும். அம்மாவோடு அத்தனை நாள் பேசாமல் இருந்ததை அன்று விட்டேன். "எனக்கும்மா" என்று கை நீட்டினேன். ஒரு டம்ளர் குடித்தேன். இன்னொன்று கேட்டுக் குடித்தேன். வாயில் வைத்துக் கொப்பளித்து, வீணாக்காமல் அதையும் விழுங்கினேன். வயிறு கல் போலக் கனத்தது. காலி டம்ளரை நீட்டி, கையால் மறைக்காமல் பல் முழுவதையும் காட்டி, "எத்தன நாள் குடிச்சாம்மா வெள்ளையாவும்?" என்று கேட்டேன்.

அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். எனக்கு முதுகு காட்டி நின்றார். டம்ளர் நிறைந்தது, வழிந்தது, அவர் கை மேல் ஓடி வாசலெல்லாம் போயிற்று. அவர் குழாயை மூடவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"தண்ணி வீணாப் போவுதும்மா" என்றேன்.